மாற்கு சதுக்கத்தில் இரண்டு வெள்ளம்

இத்தாலி தேசத்தில் வெனிஸ் என்று ஒரு நகரம் இருக்கிறது. கடலோரக் காயலுக்கு நடுவே, நூற்றுக்கு மேற்பட்ட சிறு தீவுகளின் மீது கட்டப்பட்ட நகரம் அது. அங்கே பெரிய தெருக்களுக்குப் பதில் கால்வாய்கள். பஸ்ஸுக்குப் பதில் படகு. நோயாளியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதும் படகுதான். குப்பை அள்ளுவதும் படகுதான். மோட்டார் காருக்கு அந்த ஊருக்குள் இடமே கிடையாது.

ஏப்ரல் 25-ந் தேதி அந்த ஊருக்குத் திருநாள். நகரத்தின் காவலர் என்று அவர்கள் கொண்டாடும் புனித மாற்குவின் திருநாள். அன்று ஆண்கள் தாங்கள் நேசிக்கும் பெண்ணுக்கு ஒரு சிவப்பு ரோஜா மொட்டைக் கொடுப்பார்கள். இது நெடுங்காலமாக வரும் பழக்கம்.

2024-ம் ஆண்டு ஏப்ரல் 25-ந் தேதி, ரோஜா மொட்டோடு இன்னொன்றும் அந்த ஊருக்கு வந்தது. அதுதான் நுழைவுக் கட்டணம்!

காலையில் வந்து ஊரைப் பார்த்துவிட்டு, இரவு தங்காமல் திரும்பிப் போகிறவர்கள் 5 யூரோ கட்ட வேண்டும் என்று நகரசபை உத்தரவு போட்டது. அது அன்றைய மதிப்பில் நம் பணத்தில் சுமார் 450 ரூபாய். பொருட்காட்சிக்குக் கட்டணம் உண்டு. சினிமாவுக்குக் கட்டணம் உண்டு. ஒரு நகரத்துக்குள் காலெடுத்து வைப்பதற்கே கட்டணம் என்றால் யாருக்குத்தான் ஆச்சரியமாக இருக்காது?

அன்று ரெயில் நிலையத்துக்கு வெளியே நகரசபைச் சிப்பந்திகள் நின்று, வருகிறவர்களைச் சோதித்தார்கள். பஸ்கள் வந்து நிற்கும் மைதானத்திலே உள்ளூர் ஜனங்கள் நூற்றுக்கணக்கில் கூடி எதிர்ப்புத் தெரிவித்தார்கள். சீட்டுக் கொடுத்து ஆளை உள்ளே விட்டால் ஊர் பொருட்காட்சி சாலை ஆகிவிடும் என்பது அவர்களுடைய மனக்குறை.

இந்த நிலைமை ஏன் வந்தது? அதைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால், வருகிற கூட்டமெல்லாம் போய்ச் சேருகிற இடத்தை முதலில் பார்க்க வேண்டும். அதுதான் மாற்கு சதுக்கம்.

மூன்று பக்கம் மண்டபம், நாலாவது பக்கம் கோயில்

வெனிஸில் சிறு திடல்கள் பல உண்டு. அவற்றுக்கெல்லாம் 'காம்போ' என்று பெயர். வயல் என்று அர்த்தம். 'பியாத்ஸா', அதாவது சதுக்கம், என்ற பெயர் மாற்கு சதுக்கம் ஒன்றுக்குத்தான்.

சுமார் 175 மீட்டர் நீளமுள்ள பெரிய முற்றம் அது. மூன்று பக்கமும் வளைவுகள் வைத்த நீண்ட மண்டபங்கள். அந்த மண்டபங்களிலே காப்பிக் கடைகள் இருக்கின்றன. 'புளோரியன்' என்ற காப்பிக் கடை 1720-ல் திறக்கப்பட்டது. மூன்று நூற்றாண்டு கடந்தும் நடக்கிறது! கடைக்கு முன்னால் வாத்தியக் கோஷ்டி உட்கார்ந்து வாசிக்கும். காப்பிக்கு ஒரு விலை. சங்கீதத்துக்குத் தனி விலை.

ஒரு மூலையில் கடிகாரக் கோபுரம். அதன் உச்சியில் இரண்டு வெண்கல மனிதர்கள் நிற்கிறார்கள். மணிக்கு மணி சம்மட்டியால் பெரிய மணியை அடிப்பது அவர்கள் வேலை. ஐந்நூறு ஆண்டுக்கு மேலாக அடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

புறாக்களும் கணக்கில்லாமல் இருந்தன. அவற்றுக்குத் தீனி விற்றுப் பிழைத்தவர்களும் இருந்தார்கள். புறா எச்சம் சலவைக்கல்லைக் கெடுக்கிறது என்று 2008-ல் தீனி விற்பனைக்குத் தடை போட்டுவிட்டார்கள்.

நாலாவது பக்கத்தில்தான் புனித மாற்கு தேவாலயம் இருக்கிறது. ஐந்து கும்மட்டங்கள், வாசல் முகப்பெங்கும் பல நிறச் சலவைக்கல் தூண்கள். உள்ளே போனால் மேற்கூரை முழுவதும் தங்க மயம். விரல்நுனி அளவுள்ள கண்ணாடிச் சில்லுகளை, தங்கச் சில்லுகளை ஒவ்வொன்றாகப் பதித்துச் சித்திரம் ஆக்கியிருக்கிறார்கள். இந்தச் சில்லுச் சித்திரங்களின் பரப்பு சுமார் 8,000 சதுர மீட்டர். ஒரே தலைமுறையில் முடிந்த வேலை அல்ல. நூற்றாண்டுக் கணக்கில் நடந்த வேலை.

பன்றி இறைச்சிக்கு அடியில் வந்த புனிதர்

இந்தக் கோயில் பிறந்த கதையே விசித்திரமானது. கி.பி. 828-ல் வெனிஸ் வியாபாரிகள் இரண்டு பேர் எகிப்து நாட்டு அலெக்சாண்டிரியா நகரத்துக்குப் போனார்கள். அங்கே இருந்த புனித மாற்குவின் உடலை ரகசியமாக எடுத்து வந்துவிட்டார்கள். துறைமுகத்தில் இருந்த முஸ்லிம் அதிகாரிகள் தொடாமல் இருக்க, கூடையில் உடலை வைத்து மேலே பன்றி இறைச்சியை அடுக்கிக்கொண்டு வந்தார்கள் என்பது கதை. அந்தக் காட்சியைக் கோயிலிலேயே சித்திரமாகவும் பதித்திருக்கிறார்கள்.

உடலை வைக்க ஒரு கோயில் கட்டினார்கள். 976-ல் நடந்த கலகத்தில் அது தீக்கிரையானது. பிறகு புதுப்பித்தார்கள். இப்போது நிற்கும் கோயில் 11-ம் நூற்றாண்டில் கட்டப்பட்டு, 1094-ல் பிரதிஷ்டை ஆயிற்று.

வெனிஸ் அந்த நாளில் ராஜா இல்லாத குடியரசு. அதன் தலைவருக்கு 'டோஜ்' என்று பட்டம். கோயில் அவருடைய அரண்மனையை ஒட்டி இருக்கிறது. 1807 வரையில் அது டோஜின் கோயிலாகவே இருந்தது. அதற்குப் பிறகுதான் மேற்றிராணியாரின் தலைமைக் கோயில் ஆயிற்று.

வாசலுக்கு மேலே நான்கு குதிரைகள் நிற்கின்றன. 1204-ல் கான்ஸ்டாண்டிநோபிள் நகரத்தைச் சூறையாடியபோது வெனிஸ்காரர்கள் கொண்டு வந்த குதிரைகள் அவை. கொள்ளை அடித்தவனிடமும் கொள்ளை அடிக்க ஒருவன் வருவான் அல்லவா? 1797-ல் நெப்போலியன் வந்தான். குடியரசை முடித்தான். குதிரைகளைப் பாரிசுக்குக் கொண்டு போனான். அவன் வீழ்ந்த 1815-ம் ஆண்டில் குதிரைகள் திரும்பி வந்தன. இன்று வெளியே நிற்பவை நகல்கள். அசல் குதிரைகள் காற்றும் புகையும் படாமல் உள்ளே பத்திரமாக இருக்கின்றன.

விழுந்த கூண்டு எழுந்தது

கோயிலுக்கு எதிரே, சுமார் 99 மீட்டர் உயரத்தில் தனியாக நிற்கிறது மணிக்கூண்டு. 1902-ம் ஆண்டு ஜூலை 14-ந் தேதி காலையில் அந்தக் கூண்டு அப்படியே இடிந்து விழுந்தது. முன்கூட்டியே விரிசலைக் கண்டு ஜனங்களை அப்புறப்படுத்தியிருந்ததால் உயிர்ச்சேதம் இல்லை.

"இருந்த இடத்தில், இருந்தபடியே" என்று ஊர் தீர்மானித்தது. பத்து ஆண்டு உழைத்தார்கள். 1912 ஏப்ரல் 25-ந் தேதி, அதே மாற்கு திருநாளில், புதிய கூண்டைத் திறந்தார்கள். பழைய மணிகளில் உடையாமல் தப்பியது ஒன்றுதான். 'மரங்கோனா' என்று அதற்குப் பெயர். மரங்கோன் என்றால் தச்சன். கப்பல் கட்டும் தளத்துத் தச்சர்களும் மற்றத் தொழிலாளர்களும் வேலைக்குப் போகவும் வேலை விடவும் அந்த நாளில் அடித்த மணி அது.

இப்படி நெருப்பு, படையெடுப்பு, இடிபாடு எல்லாவற்றையும் தாண்டி வந்த இடத்துக்கு இப்போது வந்திருக்கும் ஆபத்து என்ன? இரண்டு ஆபத்து இருக்கிறது. ஒன்று, கடலிலிருந்து வரும் வெள்ளம். மற்றொன்று, ரெயிலிலும் பஸ்ஸிலும் படகிலும் வரும் ஜன வெள்ளம்.

கடல் வந்து கதவைத் தட்டுகிறது

நகரத்திலேயே மிகத் தாழ்வான இடங்களில் ஒன்று மாற்கு சதுக்கம். குளிர்காலத்தில் தென்கிழக்குக் காற்று பலமாக அடித்தால், கடல் நீர் காயலுக்குள் தள்ளப்படும். அதே நேரத்தில் கடல் ஏற்றமும் சேர்ந்துகொண்டால் சதுக்கத்தில் தண்ணீர் நிற்கும். அப்போது பலகை மேடைகளைப் போட்டு அதன் மேல் நடப்பார்கள்.

1966 நவம்பர் 4-ந் தேதி கடல் 194 சென்டிமீட்டர் ஏறியது. வெனிஸ் கண்ட பெரிய வெள்ளம் அதுதான். 2019 நவம்பர் 12-ந் தேதி இரவு 187 சென்டிமீட்டர் ஏறியது. கோயிலுக்குள்ளும், அதற்குக் கீழே உள்ள நிலவறையிலும் கடல் நீர் புகுந்தது.

தண்ணீர் வடிந்துவிட்டால் ஆபத்து நீங்கியது என்று எண்ணக்கூடாது. உண்மையான சேதம் அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. கடல் நீர் செங்கல்லுக்குள் ஊறி மேலே ஏறும். நீர் உலர்ந்துவிடும், உப்பு தங்கிவிடும். அந்த உப்பு கட்டிதட்டிப் பெருத்து, கல்லை உள்ளிருந்தே பிளக்கும். சித்திரச் சில்லுகள் பிடி தளர்ந்து உதிரும்.

கடல் ஏன் இப்படி ஏறுகிறது? காரணம் இரண்டு. உலகம் சூடேறுவதால் கடல் மட்டம் உயர்கிறது. மற்றொரு பக்கம், ஊரும் தாழ்ந்திருக்கிறது. அக்கரைத் தொழிற்சாலைகளுக்காகப் பல ஆண்டுகள் நிலத்தடி நீரை இறைத்தார்கள். அதனால் தரை அமிழ்ந்தது. 1970-களில் அதை நிறுத்திவிட்டார்கள். ஆனால் அமிழ்ந்த தரை திரும்ப எழுந்திருக்காது. 1897-ம் ஆண்டு மட்டத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், வெனிஸில் கடல் மட்டம் 30 சென்டிமீட்டருக்கு மேல் உயர்ந்திருக்கிறது.

கடலுக்குப் போட்ட மதகு

இத்தாலிய சர்க்கார் கடலுக்கே மதகு போடத் துணிந்தது. காயலும் கடலும் சந்திக்கும் வாய் மூன்று. அந்த மூன்று இடத்திலும் 78 இரும்பு மதகுகளை அமைக்க 2003-ல் வேலை தொடங்கினார்கள்.

இந்த மதகுகள் வேலை செய்யும் விதம் வேடிக்கையானது. சாதாரண நாளில் இவை வயிறு நிறையத் தண்ணீருடன் கடலடியில் படுத்திருக்கும். கடல் ஏறப்போகிறது என்று தெரிந்தால், உள்ளே காற்றை அழுத்திச் செலுத்துவார்கள். தண்ணீர் வெளியேறும். காற்று நிரம்பிய மதகுகள் மிதந்து எழுந்து சுவர்போல் நிற்கும். கடல் அந்தப் பக்கம். காயல் இந்தப் பக்கம்.

வேலை நீண்டுகொண்டே போயிற்று. 2014-ல் லஞ்ச வழக்கில் 30 பேருக்கு மேல் கைதானார்கள். செலவு 500 கோடி யூரோவைத் தாண்டியது. கடைசியில் 2020 அக்டோபர் 3-ந் தேதி, உண்மையான கடல் ஏற்றத்தின்போது மதகுகள் முதல் முறையாக எழுந்து நின்றன. அன்று சதுக்கம் நனையவில்லை!

ஆனால் அதே ஆண்டு டிசம்பர் 8-ந் தேதி ஒரு பாடம் கிடைத்தது. கடல் இவ்வளவு ஏறாது என்று கணித்து, மதகுகளைத் தூக்காமல் இருந்துவிட்டார்கள். நீர் 138 சென்டிமீட்டர் ஏறிச் சதுக்கத்தை மூழ்கடித்தது. பிறகு 110 சென்டிமீட்டர் ஏறும் என்று தெரிந்தாலே மதகுகளைத் தூக்குவது என்று வைத்துக்கொண்டார்கள். அதற்குக் குறைவான ஏற்றத்தில்கூடக் கோயில் முகமண்டபத்தில் நீர் புகும். அதைத் தடுக்க, 2022-ல் கோயிலைச் சுற்றிக் கண்ணாடித் தடுப்புச் சுவர் எழுப்பினார்கள்.

முதல் வெள்ளத்துக்கு ஒருவாறு அணை போட்டாயிற்று. ஆனால் கடல் மேலும் மேலும் உயர்ந்தால் மதகுகளை அடிக்கடி மூட நேரும். மூடினால் துறைமுகத்துக் கப்பல் காத்து நிற்கும். காயல் நீர் கடலோடு கலந்து சுத்தமாவதும் தடைப்படும். இது எப்போதைக்கும் போதுமான மருந்து அல்ல.

இரண்டாவது வெள்ளம்

வெனிஸைப் பார்க்க ஆண்டுக்கு 2 கோடிப் பேருக்கு மேல் வருகிறார்கள் என்பது மதிப்பீடு. அவர்களில் பெரும்பாலோர் காலையில் வந்து மாலையில் போகிறவர்கள். வந்தவர்கள் எல்லாரும் முதலில் கேட்கும் இடம் மாற்கு சதுக்கம்.

உல்லாசப் பிரயாணிகள் வருவது குற்றமா? இல்லை. படகுக்காரர், சமையற்காரர், கண்ணாடி ஊதும் தொழிலாளி, வாத்தியக்காரர் எல்லாரும் அவர்களால் பிழைக்கிறார்கள். கோயிலைப் பழுது பார்க்கவும் அந்தப் பணம் உதவுகிறது. சங்கடம் வேறு இடத்தில் இருக்கிறது.

ஒரு குடும்பத்துக்கு வீட்டை மாத வாடகைக்கு விட்டால் கிடைப்பது ஒரு தொகை. அதே வீட்டைப் பிரயாணிகளுக்கு நாள் வாடகைக்கு விட்டால் கிடைப்பது பல மடங்கு. வீட்டுக்காரர் எதைத் தேர்ந்தெடுப்பார்? வாடகை ஏறுகிறது. இளம் தம்பதிகள் அக்கரையில் மெஸ்திரே என்ற பகுதிக்குக் குடி போகிறார்கள். குடும்பங்கள் குறைந்தால் ரொட்டிக் கடையும் காய்கறிக் கடையும் மூடப்படுகின்றன. அந்த இடத்தில் முகமூடிப் பொம்மைக் கடை வருகிறது. கடை போனால், மிச்சமிருக்கும் குடும்பத்துக்கும் இருக்க முடிவதில்லை.

பிரயாணிகள் மட்டுமே காரணம் என்பதும் சரியல்ல. 1966 வெள்ளத்துக்குப் பிறகு தரைத் தள வீடுகளில் ஈரத்தோடு வாழ முடியாமல் போனவர்கள் பலர். தொழிற்சாலை வேலை அக்கரையில் இருந்ததால் அங்கே போனவர்களும் உண்டு. ஆனால் காலியான வீட்டுக்கு மறுபடி ஒரு குடும்பம் வராமல் தடுப்பது இன்றைய வாடகைதான்.

மருந்துக் கடைக் கண்ணாடியில் ஓர் எண்

சதுக்கத்திலிருந்து சிறிது தூரத்தில், ரியால்டோ பாலத்துக்கு அருகே ஒரு மருந்துக் கடை இருக்கிறது. 2008-ல் அதன் கண்ணாடி ஜன்னலில் ஓர் எண் பலகை வைத்தார்கள். தீவு நகரத்தில் இன்னும் எத்தனை பேர் குடியிருக்கிறார்கள் என்பதை அது காட்டும்.

1951-ல் அங்கே சுமார் 1 லட்சத்து 75 ஆயிரம் பேர் இருந்தார்கள். பலகை வைத்தபோது எண் சுமார் 60 ஆயிரம். 2022-ல் அது 50 ஆயிரத்துக்குக் கீழே இறங்கியது. 2023-ல் இன்னொரு கணக்கு வந்தது. பிரயாணிகள் படுக்கும் படுக்கைகளின் எண்ணிக்கை, ஊரில் குடியிருப்போர் எண்ணிக்கையை மிஞ்சிவிட்டது என்று உள்ளூர்ச் சங்கங்கள் எண்ணிச் சொல்லின!

சீட்டுக் கொடுத்தால் தீருமா?

நகரசபை சும்மா இருக்கவில்லை. 2019 ஜூன் மாதத்தில் ஒரு பிரம்மாண்டமான உல்லாசக் கப்பல் கட்டுத் தவறிக் கரையில் மோதியது. 2021 ஆகஸ்டு முதல் அத்தகைய பெரிய கப்பல்கள் சதுக்கத்தின் முன்னால் போகக்கூடாது என்று சர்க்கார் தடுத்தது. 2024 ஆகஸ்டு முதல், வழிகாட்டியோடு வரும் கூட்டத்தில் 25 பேருக்கு மேல் இருக்கக்கூடாது. ஒலிபெருக்கி வைக்கக்கூடாது என்று விதி வந்தது. நுழைவுக் கட்டணமும் இந்த வரிசையில் வந்ததுதான்.

2024-ல் 29 நாள் மட்டும் கட்டணம் வாங்கினார்கள். காலை 8.30 மணி முதல் மாலை 4 மணி வரை. உள்ளூர்வாசிகள், அங்கே வேலை செய்வோர், படிப்போர், 14 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் கட்ட வேண்டியதில்லை. ஓட்டலில் தங்குவோர் அங்கேயே தனி வரி கட்டுவதால் அவர்களுக்கும் விலக்கு. வசூல் சுமார் 24 லட்சம் யூரோ. 2025-ல் நாட்களை 54 ஆக உயர்த்தினார்கள். முன்னதாகப் பதிவு செய்யாமல் கடைசி நேரத்தில் வருகிறவர்களுக்குக் கட்டணம் 10 யூரோ. அந்த ஆண்டு வசூல் சுமார் 54 லட்சம் யூரோ.

கூட்டம் குறைந்ததா? எத்தனை பேர் வருகிறார்கள் என்று முன்னதாகத் தெரிகிறது, அதுவே பெரிய லாபம் என்கிறது நகரசபை. கூட்டம் குறையவே இல்லை, பணம்தான் வந்தது என்கிறார்கள் எதிர்ப்பவர்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. பல நூறு யூரோ செலவழித்துக்கொண்டு வருகிறவர் 5 யூரோவுக்காகத் திரும்பிப் போவாரா?

நியாயமாகப் பார்த்தால், வாசலில் நிற்பவரை எண்ணுவதால் வீட்டுக்குள் இருப்பவர் நிலைக்கமாட்டார். குடும்பங்கள் தங்குவதற்கு வேண்டியது கட்டக்கூடிய வாடகை, ஆண்டு முழுவதும் கிடைக்கும் வேலை, பள்ளிக்கூடம், பக்கத்திலே ஒரு காய்கறிக் கடை. நாள் வாடகை வீடுகளுக்கு ஓர் எல்லை வகுக்கலாம் என்று 2022-ல் இத்தாலியப் பார்லிமெண்ட் வெனிஸ் நகரசபைக்குத் தனி அதிகாரமே கொடுத்தது. அதைக் கண்டிப்போடு பயன்படுத்த வேண்டும் என்பதே குடியிருப்போர் கோருவது. வீட்டுக்காரர்களின் வருமானம் பாதிக்கும் என்பதால் அது சுலபமான காரியம் அல்ல. கடலில் மதகு போட இரும்பு போதும். இதற்கு மன உறுதி வேண்டும்.

இரண்டு வாசல்

மாற்கு கோயிலுக்குள் போக இன்று இரண்டு வழி இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் சீட்டு வாங்கி, நீண்ட வரிசையில் நின்று முன்பக்கம் நுழைகிறார்கள். பிரார்த்தனைக்கு வருகிறவர்களுக்கு வடக்குப் பக்கத்தில் தனி வாசல், கட்டணம் இல்லை. ஆயிரம் ஆண்டாக அந்தக் கோயிலைக் காத்தவர்கள் இந்த இரண்டாவது வாசலில் வந்தவர்களின் முன்னோர்கள்தான். தீயில் எரிந்ததைக் கட்டினார்கள். விழுந்த கூண்டை நிறுத்தினார்கள். வெள்ளம் வடிந்த இரவில் சேற்றை வாரினார்கள். விருந்தாளி வந்து ரசித்துவிட்டுப் போவார். துடைத்து வைப்பவர் வீட்டுக்காரர்தானே?

1902-ல் உடையாமல் தப்பிய மரங்கோனா மணி இன்றும் கூண்டிலிருந்து ஒலிக்கிறது. அந்த நாளில் அதைக் கேட்டுக் கப்பல் தச்சர்கள் பக்கத்துத் தெருக்களிலிருந்து வேலைக்குப் புறப்பட்டார்கள். இன்று அந்தச் சதுக்கத்தில் காப்பி கொடுப்பவர்களிலும், பலகை போடுகிறவர்களிலும், தரையைக் கூட்டுகிறவர்களிலும் பலர், வேலை முடிந்ததும் பாலத்தைக் கடந்து அக்கரையில் இருக்கும் வீட்டுக்குப் போக ரெயிலைப் பிடிக்கிறார்கள்.

அவர்களில் சிலராவது மறுபடி இக்கரைக்குக் குடிவர வழி பிறந்தால், அந்த மருந்துக் கடை எண் ஒரு நாள் மேலே ஏறும். வெனிஸ் பிழைத்ததா என்பதை அந்த எண்தான் சொல்லும்.